கல்லெழுத்தும் கைத்தொலைபேசியும்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று வடக்கே நோக்குவார்க்கு, காரைநகருக்கும் நமக்கும் நடுவே, நீரின் மேல் யாரோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன பெட்டகம் போலக் கடற்கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அம்மன்ஹீல் எனப் பெயரும் இட்டனர். பன்றித்தொடையின் குதிக்கால் என்பது அப்பெயரின் பொருள். இலங்கைத் தீவின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத் தோன்றிற்றாம். பசித்தவன் கண் எதையெல்லாம் காணும்!

அணிமையில் ஒரு மாலைப்பொழுதில் அவ்விறங்குதுறையில் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரைக் கண்டேன். வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்படை எழுதுகின்றவர். கையிலிருந்த தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"சேர், முப்பது மடங்கு சூம் பண்ணி எடுத்தனான். பாருங்கோ, சுவர் கல்லுக்கல்லாய்த் தெரியுது."

பார்த்தேன். சுவரிலே நேர்நேராகக் கோடுகள். செங்கட்டியை அளந்து அடுக்கியது போன்ற வரிசை.

"தம்பி, நீர் கோட்டைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தனீரோ?"

"இல்லை சேர். இஞ்சை நிண்டுதான் எடுத்தனான்."

அக்கோட்டை முருகைக்கல்லால் ஆனது. முருகைக்கல்லுக்கு நேரான விளிம்பு ஏது? மாணவர் பொய் சொல்லவில்லை, படத்தைத் திருத்தவுமில்லை. ஆயினும் அப்படத்திலிருந்த சுவர் உலகில் எங்குமில்லாத சுவர். இது எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிந்துகொள்வது, இன்று சட்டைப்பையில் கமராவைச் சுமந்து திரியும் நம் அனைவர்க்கும், சிறப்பாகப் பழையன தேடும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும், மிக வேண்டுவதாகும்.

தொலைபேசியின் வில்லை ஒளியைக் குவித்துப் பின்னேயுள்ள உணரித் தகட்டின்மீது வீழ்த்துகின்றது. அத்தகடு பெருவிரல் நகத்தினும் சிறியது. அதில் கோடிக்கணக்கான நுண்குழிகள். ஒவ்வொரு குழியும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டும் சொல்லும். சுவரையும் எழுத்தையும் முகத்தையும் அது அறியாது. இக்குழிகள் தரும் புள்ளிகளின் தொகையையே மெகாபிக்சல் எனக் கடைக்காரர் கூறுகின்றனர். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளி. வழக்கமான ஒரு படம் நீளத்தில் 4000, அகலத்தில் 3000. ஆக 12 மெகாபிக்சல்.

இனி ஒரு சிறு கணக்கு. கணக்கென்றதும் இலக்கிய அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தொலைபேசியின் முதன்மை வில்லைக்குக் குவியத்தூரம், பழைய சுருட்படக் கமராவின் அளவையில், ஏறத்தாழ 26 மில்லிமீற்றர். இவ்வில்லை மூன்று மீற்றர் தொலைவில் ஏறக்குறைய நான்கு மீற்றர் அகலமான காட்சியைப் பிடிக்கும். அதனை 4000 புள்ளிகளுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு ஒரு மில்லிமீற்றர். முந்நூறு மீற்றர் தொலைவிலோ, ஒரு புள்ளிக்குப் பத்துச் சென்ரிமீற்றர். பத்துச் சென்ரிமீற்றருக்குள் ஒரு கல்லின் விளிம்பும் அடங்கும். ஒரு கல்வெட்டின் மூன்று எழுத்தும் அடங்கும். அத்தனையும் ஒரே புள்ளியாய், ஒரே நிறமாய் முடிந்துவிடும். அதன்பின் விரல்களை விரித்து எவ்வளவு பெருப்பித்தாலும் அந்தப் புள்ளி பெரிய புள்ளியாகுமேயன்றி எழுத்தாகாது.

சூம் என்ற ஒரு பெயருக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்து நிற்கின்றன. ஒன்று மெய்யான உருப்பெருக்கம்: நீண்ட குவியத்தூரமுடைய வேறொரு வில்லை தூரத்துப் பொருளைத் தகட்டின்மேல் பெரிதாகவே வீழ்த்துவது. மற்றது வெட்டிப் பெருப்பித்தல்: நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து முழுப்படத்தின் அளவுக்கு இழுத்துக் காட்டுவது. நான்கு மடங்கு இவ்வாறு வெட்டினால் பரப்பிற் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். 12 மெகாபிக்சல் என்பது ஏழரை இலட்சம் புள்ளியாகச் சுருங்கும். திரையில் படம் பெரிதாய்த் தெரிகின்றபடியால் இழப்பு கண்ணுக்குப் படுவதில்லை.

தொலைபேசியின் முதுகில் மூன்று வில்லைகள் இருப்பதன் காரணமும் இதுவே. ஒன்று பரந்த காட்சிக்கு, 13 மில்லிமீற்றர் அளவில், ஒன்று வழக்கமானது, ஒன்று தூரத்துக்கு. தூரவில்லை நீளமானதாக இருத்தல் வேண்டும், தொலைபேசியோ மெல்லியது. அதனால் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைப் போல ஒளியை அரியத்தால் மடக்கி, வில்லைகளைத் தொலைபேசியின் உடலுக்குள் படுக்கையாக வைக்கும் உத்தி வந்தது. 2019இல் ஹுவாவே நிறுவனத்தின் பி30 புரோ ஐந்து மடங்கு தூரவில்லையை இவ்வாறு அமைத்து விற்பனைக்கு வந்தது. விலை குறைந்த தொலைபேசிகளிலோ மூன்று கண்ணில் ஒன்று பெரும்பாலும் பெயருக்குத்தான்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வெளிச்சம் குறைந்தவிடத்தும், பொருள் மிக அண்மையில் இருக்கும்போதும், தூரவில்லையைத் தெரிவு செய்தாலும் தொலைபேசி நம்மைக் கேளாமலே முதன்மை வில்லைக்கு மாறி வெட்டிப் பெருப்பிப்பதுண்டு. இதைக் கண்டறிய எளிய வழி: மூன்று மடங்கென வைத்துக்கொண்டு வில்லைகளை ஒவ்வொன்றாய் விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடத் திரை இருள்கின்றதோ, அதுவே உண்மையில் பார்த்துக்கொண்டிருக்கும் கண்.

மெகாபிக்சல் தொகையைப் பற்றியும் ஒரு சொல். 50 மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சிட்ட தொலைபேசி, தானாக விட்டால், பெரும்பாலும் 12 மெகாபிக்சல் படத்தையே தரும். நான்கு சிறு குழிகளின் ஒளியைச் சேர்த்து ஒன்றாய்க் கணக்கிடுவதே காரணம். மழைநீரை நம்பி வாழ்ந்த தீவகத்தார்க்கு இது எளிதில் விளங்கும். வாய் சிறுத்த நான்கு குடங்களைத் தூறலில் வைத்தால் ஒவ்வொன்றிலும் விழுவது சில துளி. ஒன்றுக்கொன்று ஏறுமாறாய் இருக்கும். நான்கையும் ஓர் அண்டாவில் ஊற்றினால் அளவு நம்பத்தக்கது. ஆகவே மங்கிய ஒளியில் 12 மெகாபிக்சலே நன்று. நல்ல வெயிலில், கையசையாமல் எடுக்கும் ஏட்டுக்கும் கல்லுக்கும் 50 மெகாபிக்சல் பயன்தரும்.

இவையெல்லாம் வெறும் கருவி நுட்பமெனத் தோன்றலாம். ஆனால் நயினாதீவுக்கு வாருங்கள்.

நாகபூசணி அம்மன் ஆலயத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் அதைப் பதிப்பித்தார். பிறநாட்டு வணிகர் வந்து தங்கவேண்டிய துறையாக அக்கல் குறிப்பது ஊராத்துறையை. அதாவது நம் ஊர்காவற்றுறையை. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. கப்பல் உடைந்தவனின் வாழ்வும் தாழ்வும், நம் ஊரின் எண்ணூறாண்டுப் புகழும், சில எழுத்துக்களின் கீற்றுகளிலே தங்கியிருக்கின்றன.

அக்காலக் கல்லெழுத்தில் மெய்க்குப் புள்ளியிடுவது அரிது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. எனவே எஞ்சியுள்ள ஒவ்வொரு கீற்றும் விலைமதிப்பற்றது. அறிஞர் கல்வெட்டைப் படியெடுத்த முறையை நோக்குக: நனைத்த தாளைக் கல்லின்மீது ஒட்டி, தூரிகையால் அடித்துக் குழிகளுக்குள் செலுத்தி, பின்னர் மை ஒற்றுவர். அம்மைப்படியில் கல்லின் அளவும் தாளின் அளவும் ஒன்றே. தாள் தொட்டது மட்டுமே தாளில் இருக்கும்.

புதிய தொலைபேசிகள் அவ்வாறல்ல. புள்ளி போதாதவிடத்து, தாம் முன்னர் கண்ட இலட்சக்கணக்கான படங்களைக் கொண்டு, இங்கே இதுதான் இருந்திருக்கும் என ஊகித்து வரைகின்றன. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாப் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் தொலைபேசியால் தூரத்திலிருந்து எடுத்தார். திரையில் இல்லாத மேடுபள்ளங்கள் படத்தில் வந்தன. நிலாவுக்கு அது பெரும் குற்றமன்று. நிலா எல்லோர்க்கும் தெரிந்த முகம். எழுத்துக்கோ? 2013இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணினி அறிஞர், சேரொக்ஸ் இயந்திரங்கள் சில கட்டட வரைபடத்தை வருடியபோது இலக்கங்களையே மாற்றிவிட்டதைக் கண்டறிந்தார்; 6 என்பது 8 ஆயிற்று. ஒத்த உருவங்களைச் சேர்த்துச் சுருக்கும் முறையால் வந்த வினை. மங்கலாய்ப் போயிருந்தால் யாரேனும் ஐயுற்றிருப்பர். தெளிவாகவே தவறியபடியால் நம்பினார்கள்.

மாணவரின் கோட்டைச் சுவரும் அவ்வகையினதே.

பிறரைச் சொல்லி என் குற்றத்தை மறைப்பது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன், தீவகத்தில் ஒரு முதிய அண்ணாவியாரின் வீட்டில் கூத்துக் கொப்பி ஒன்றைக் கண்டேன். மூலையெல்லாம் செல் தின்ற தாள்; மையோ நீலமுமல்லாத பழுப்புமல்லாத நிறம். இடம்பெயர்ந்து சென்ற 1990களிலும் அதைத் தலையணைக்குள் வைத்துக் காத்ததாகச் சொன்னார். கடனாகக் கேட்க மனம் வரவில்லை. படமெடுத்துக்கொள்ள விட்டார். மாலை நேரம், வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. என் நிழல் தாளில் விழாதிருக்க எழுந்து நின்று, நான்கு மடங்கு சூம் வைத்து எடுத்தேன். தொலைபேசியில் இடம் போதாமையால் வட்ஸ்அப் வழியாக நண்பருக்கு அனுப்பிவிட்டு மூலப்படங்களை அழித்தேன். சாதாரணமாக அனுப்பினால் அது நெடும்பக்கத்தை ஏறக்குறைய 1600 புள்ளியாகக் குறுக்கிவிடும் என்பதை அன்று நான் அறியேன்.

அடுத்த மாரியில் அண்ணாவியார் காலமானார். கூரை ஒழுகிக் கொப்பி கூழாயிற்று என்று பின்னர் கேள்விப்பட்டேன். என் படங்களில் விருத்தங்களின் முதலடிகள் தெரிகின்றன. ஈற்றடிகள் எறும்பு ஊர்ந்த தடம்போல இருக்கின்றன. அண்மையில் ஒரு நண்பர், செயற்கை அறிவைக்கொண்டு தெளிவாக்கலாம் என்றார். செய்தும் காட்டினார். எழுத்துக்கள் மணிமணியாய் வந்தன. சில தமிழே அல்ல. தமிழாயிருந்தவை அண்ணாவியாருடையவைதாமா என்று சொல்ல இனி ஒருவருமில்லை. அவற்றை வாங்கிக்கொள்ளவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நாம் இழந்தது எத்தனை என்பதை இப்பக்கத்தின் வாசகர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் மின்னூலகம் போன்ற முயற்சிகளால் பல ஏடுகள் மீண்டும் நம் கைக்கு வந்துள்ளன. வீட்டுப் பரணிலும் கோயில் மண்டபத்திலும் எஞ்சியிருப்பவற்றை இனிப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசியோடு வரும் மாணவராகவே இருப்பர். அவர்கட்கு என் இழப்பிலிருந்து கற்றவை சில. தாளுக்கு: சூம் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்து, நேர் மேலிருந்து, தாள் சட்டத்தை நிறைக்க எடுங்கள். ஏ4 தாளின் நெடும்பக்கத்துக்கு 4000 புள்ளி கிடைத்தால் மில்லிமீற்றருக்குப் பதின்மூன்று. ஆவணக் காப்பகங்கள் கேட்கும் அளவுக்கு அது குறையாது. கல்லுக்கு: நேர்வெளிச்சம் கீற்றை அழிக்கும், காலை மாலைச் சாய்வெயிலோ, பக்கவாட்டில் பிடித்த டோர்ச்சோ குழியில் நிழல் விழுத்தும். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள். முழுக்கல்லை ஒருமுறை எடுத்தபின், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி பகுதி பகுதியாக எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அன்றி, ஆவணக் கோப்பாக அனுப்புங்கள். மூலத்தை அழிக்காதீர்கள்.

அந்த மாணவர் பின்னர் ஒருநாள் தம் ஒப்படையைக் கொண்டுவந்து காட்டினார். ஊரில் ஒரு பழங்கிணற்றின் கட்டில் ஆண்டு பொறித்த கல்லொன்று உண்டு. வேலிக்கு இப்பால் நின்று சூம் வைத்து எடுத்த முதற் படத்தில் 1881 என்று பளிச்சென நின்றது. மறுநாள் வீட்டாரிடம் கேட்டு உள்ளே போய், முழந்தாளிட்டு, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் மூன்றாம் இலக்கம் இருந்த இடம் உடைந்து, பாசி படர்ந்த குழியாக இருந்தது. ஒப்படையில் இரண்டாம் படத்தை ஒட்டியிருந்தார். அதன் கீழே எழுதியிருந்தது: "18–1. மூன்றாம் இலக்கம் சிதைந்துள்ளது."