திரையில் கண்ட தோட்டமும் தரையில் கண்ட தோட்டமும்

இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளில், சொந்த நிலம் இல்லாத குடும்பங்கள் காய்கறி பயிரிட்டுக் கொள்வதற்காக உள்ளூர் மன்றங்கள் சிறு சிறு நிலத் துண்டுகளைக் குறைந்த வாடகைக்கு அளித்து வருகின்றன. இவற்றை அந்நாட்டார் ‘அலாட்மென்ட்’ என்பர். நாம் இங்கே ‘பங்குத் தோட்டம்’ என்று வழங்குவோம். ஒரு முழுப் பங்கின் பழைய அளவு பத்து ‘ராட்’ ஆகும். அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பாகம். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். இந்த ஆறேகால் சென்ட் நிலத்தைத் தொடங்குவது எப்படி என்று தொலைக்காட்சி கற்றுக்கொடுக்க முற்பட்டபோது, ஏற்கெனவே பங்குத் தோட்டம் வைத்திருந்த அனுபவசாலிகள் அதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பது, பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிய வேண்டிய செய்தியாகும்.

சட்டமும் மன்றமும்

இத்தோட்டங்கள் தர்மத்தினால் கிடைப்பவை அல்ல, சட்டத்தினால் கிடைப்பவை. 1908-ஆம் ஆண்டின் சிறு நிலம் மற்றும் பங்குத் தோட்டச் சட்டப்படி, ஓர் ஊரில் வசிக்கும் ஆறு வாக்காளர்கள் கூடித் தங்களுக்குத் தோட்டம் தேவை என்று எழுதிக் கொடுத்தால், உள்ளூர் மன்றம் அதனைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். உண்மையான தேவை இருப்பின் போதிய எண்ணிக்கையில் நிலம் அளிக்க வேண்டும். உள் லண்டன் மன்றங்களுக்கு மட்டும் இக்கடமை இப்போது இல்லை. கிராமப்புறத்தில் இப்பொறுப்பு 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட பாரிஷ் கவுன்சில்களைச் சார்ந்தது. நம் நாட்டுக் கிராமப் பஞ்சாயத்துக்கு ஏறத்தாழ ஒப்பானவை அவை.

இந்நோக்கத்திற்கென்றே மன்றம் வாங்கிய நிலத்தை, அமைச்சரின் இசைவின்றி விற்கவோ வேறு காரியத்திற்குத் திருப்பவோ கூடாது என்று 1925-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குத்தகைதாரரைச் சாதாரணமாக ஓராண்டு முன்னறிவிப்பு இன்றி வெளியேற்ற இயலாது. ஆனால் வாடகை செலுத்தாமலோ விதிகளுக்கு மாறாகவோ நடப்பவரை ஒரு மாத அறிவிப்பில் வெளியேற்றலாம். உரிமையும் கடமையும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

வானொலி முதல் தொலைக்காட்சி வரை

தோட்டக் கலையை ஒலிபரப்பின் வாயிலாகக் கற்பிப்பது அந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். 1930-களில் மிடில்டன் என்பவர் பி.பி.சி. வானொலியில் தோட்டப் பேச்சுக்களை நிகழ்த்திப் பெரும் புகழ் பெற்றார். 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ‘வெற்றிக்காகத் தோண்டுவீர்’ என்னும் இயக்கத்தை அரசாங்கம் தொடங்கிற்று. அந்த இயக்கத்திற்கும் அவர் குரல் துணை நின்றது. போர்க்காலத்தில் பங்குத் தோட்டங்களின் எண்ணிக்கை சுமார் 14 இலட்சமாக உயர்ந்தது. போர் முடிந்த பின்னர் அது படிப்படியாகச் சுருங்கியது.

1968-ஆம் ஆண்டில் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கி இன்றளவும் நடைபெறுகிறது. தோட்ட அமைப்பாளரான ஜோ ஸ்விஃப்ட் ஒரு பங்குத் தோட்டத்தை ஏற்று நடத்தியது அந்நிகழ்ச்சியில் தொடர்ந்து காட்டப்பட்டு, 2009-ல் நூலாகவும் வெளிவந்தது. பின்னர் 2014-ல் ‘பிக் அலாட்மென்ட் சேலஞ்ச்’ என்னும் போட்டி நிகழ்ச்சியை பி.பி.சி. ஒளிபரப்பியது. ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்து மேப்பிள்டர்ஹாம் என்னும் ஊரில், சுற்றுமதில் சூழ்ந்த ஒரு பழைய தோட்டத்தில், ஒன்பது இணையர் ஆளுக்கொரு பங்கில் பயிரிட்டனர். காய்கறி, மலர், ஊறுகாய் முதலியவற்றில் அவர்கள் போட்டியிட்டனர். 2015-ல் இரண்டாம் தொடரோடு அது முடிவுற்றது.

அனுபவசாலிகள் கூறிய குறைகள்

இத்தகைய நிகழ்ச்சிகள் வரும்போதெல்லாம் தோட்டக்காரர்கள் ஒருமுகமான கருத்துக் கொள்வதில்லை. ஒரு சாரார் மனமார வரவேற்பர். மண்ணைத் தொட்டறியாத இளங்குடும்பங்கள் தோட்டத்தை நாடி வருவதும், மன்றத்தின் காத்திருப்போர் பட்டியல் நீள்வதும், தோட்ட நிலத்தை வீட்டு மனையாக்கும் எண்ணத்திற்குத் தடையாகும் என்பது அவர்கள் கருத்து. மற்றொரு சாரார் கூறும் குறைகள் நான்கு வகைப்படும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது குறை, காலத்தைப் பற்றியது. அரைமணி நேர நிகழ்ச்சியில் நிலத்தைத் திருத்துவதற்குச் சில நிமிஷங்களே ஒதுக்கப்படுகின்றன. தரிசாகக் கிடந்த பங்கைப் பயிருக்குக் கொண்டுவருவதோ, வார விடுமுறையில் மட்டும் உழைக்கக் கூடிய குடும்பத்திற்கு ஓராண்டு வேலை. அந்நாட்டில் மே மாதம் வரையிலும் உறைபனி விழக்கூடும். பீன்ஸ், பூசணி போன்ற மென்மையான செடிகளை அதற்குப் பின்னரே வெளியில் நட இயலும். ஆஸ்பரகஸ் என்னும் தண்டுக் கீரையை நட்டால் முதல் இரண்டு ஆண்டுகள் அறுவடை செய்யாமல் விட்டுவைக்க வேண்டும். திரையிலோ நடவும் அறுவடையும் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. கண்டவர் மனத்தில் ‘நட்டால் வந்துவிடும்’ என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது.

இரண்டாவது குறை, களையைப் பற்றியது. ‘கவுச்’ என்னும் புல், ‘பைண்ட்வீட்’ என்னும் சுற்றுக்கொடி, ‘ஹார்ஸ்டெயில்’ என்னும் செடி ஆகிய மூன்றும் அந்நாட்டுத் தோட்டங்களின் பெரும் பகைவர்கள். இவை மண்ணுக்குள் வேராலும் கிழங்குத் தண்டாலும் பரவுபவை. ஹார்ஸ்டெயிலின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே செல்லும். இத்தகைய நிலத்தில் ரோட்டவேட்டரை ஓட்டினால், பார்வைக்கு நிலம் ஒரே நாளில் பொலபொலவென்று ஆகிவிடும். திரையில் இது மிக நேர்த்தியாகத் தோன்றும். ஆயினும் துண்டுபட்ட ஒவ்வொரு தண்டும் தனித்தனியே துளிர்த்து, முன்னிலும் பன்மடங்காகக் களை பெருகும். கோரையும் அருகும் மண்டிய நிலத்தை உழுது மட்டும் விட்டவர்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்கத் தேவையில்லை. முள்வாரியால் கிளறி வேரைக் கையால் பொறுக்குவதும், ஒளி புகாத விரிப்பால் நிலத்தை மூடி ஒரு பருவம் முழுதும் விட்டுவைப்பதுமே அனுபவசாலிகள் சொல்லும் வழி. இவ்விரண்டிலும் கண்ணுக்கு விருந்து ஒன்றும் இல்லை. ஆகவே இவை திரையில் அதிக இடம் பெறுவதில்லை.

மூன்றாவது குறை, செலவையும் ஆள்பலத்தையும் பற்றியது. புதிய கொட்டகை, பலகை அடித்த உயர்மேடைப் பாத்திகள், வண்டி வண்டியாக எரு, இவற்றைக் கண்டவர்கள் தோட்டமென்றால் இவை யாவும் வேண்டும் என எண்ணுகின்றனர். சாதாரணப் பங்குத் தோட்டக்காரர் பழைய ஜன்னல் கண்ணாடியைக் கொண்டு நாற்றுப் பெட்டி செய்கிறார்; வீட்டுக் கழிவையும் களைச் சருகையும் மக்கவைத்து எருவாக்குகிறார். ஒரு மண்வெட்டி, ஒரு முள்வாரி, ஒரு களைக்கொத்து, ஒரு பூவாளி ஆகியவற்றைக் கொண்டே தொடங்கலாம் என்பது அவர் அனுபவம். படப்பிடிப்புக் குழுவும் உதவியாட்களும் சூழ்ந்துள்ள தோட்டத்தையும், மாலையில் தனியாக வந்து குனிந்து வேலை செய்பவரின் தோட்டத்தையும் ஒன்றாகக் கருத முடியுமா என்பது அவர்கள் வினா.

நான்காவது குறை, தோல்வியைப் பற்றியது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் வரும். கீரை நாற்றுக்களை நத்தைகள் ஓரிரவில் தின்றுவிடும். முட்டைக்கோஸைப் புறாக்கள் கொத்தும். முட்டைக்கோஸ் இனத்தைத் தாக்கும் வேர்முண்டு நோய் ஒருமுறை மண்ணில் புகுந்தால் இருபது ஆண்டுகள் வரை தங்கியிருக்கக் கூடும். இவற்றை முன்கூட்டி அறிந்தவர் சுண்ணாம்பு இட்டும், வலை கட்டியும், பயிரை மாற்றிப் பயிரிட்டும் தப்பிக்கிறார். அறியாதவர் தம் கையே ராசியில்லாத கை என்று எண்ணிச் சோர்வடைகிறார்.

2014-ஆம் ஆண்டுப் போட்டி நிகழ்ச்சியின் மீது இவற்றோடு வேறொரு குறையும் கூறப்பட்டது. முடிவில் மேசைமேல் வைக்கப்படும் காய்க்கும் ஊறுகாய்க்கும் கிடைத்த இடம், அதனை விளைவித்த வேலைக்குக் கிடைக்கவில்லை என்று பலர் மனக்குறைப்பட்டனர்.

குறைகூறலுக்குப் பின்னிருந்த கவலை

இவையெல்லாம் பழைய ஆட்களின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடலாகாது. பட்டியலில் சில ஆண்டுகள் காத்திருந்து ஒருவர் நிலம் பெறுகிறார். திரையில் கண்ட ஆசையோடு ஆறேகால் சென்டையும் ஒரே வசந்தத்தில் தோண்டுகிறார். கோடையில் களை தலைக்குமேல் எழுகிறது. குளிர்காலம் வருமுன் அவர் வருவது நின்றுவிடுகிறது. நிலம் மறுபடியும் தரிசாகிறது. அதன் களைவிதை காற்றில் பறந்து இருபுறத்துப் பங்குகளிலும் விழுகிறது. பட்டியலில் அடுத்து நிற்பவர் மேலும் காத்திருக்கிறார். ஒருவர் ஏமாற்றத்தின் விலையை மூவர் கொடுக்கின்றனர். அனுபவசாலிகளின் கவலைக்கு இதுவே காரணம்.

பல மன்றங்கள் இதற்குக் கண்ட பரிகாரம் எளியது. புதிதாக வருவோர்க்கு முழுப் பங்கு தராமல் அரைப் பங்கு, அதனினும் சிறிய பாத்தி என்று பிரித்துக் கொடுக்கின்றன. முதலாண்டில் இவ்வளவு பாகம் பயிராக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகின்றன. தோட்டக்காரர்களின் சங்கங்கள் விதையையும் எருவையும் மொத்தமாக வாங்கி மலிவாக வழங்குகின்றன. எல்லாவற்றிலும் மேலான உதவி அடுத்த பங்குக்காரர்தான். தொலைக்காட்சி நாடு முழுமைக்கும் பொதுவாகப் பேசுகிறது. இந்த மண்ணில், இந்தச் சரிவில், இந்த வாரம் எதை நடலாம் என்று சொல்லக் கூடியவர் வேலிக்கு அப்பால் நிற்பவர் ஒருவரே.

நமக்குரிய பாடம்

ஒலிபரப்பின் ஆற்றலை நம் விவசாயிகள் நன்கு அறிவர். 1960-களில் திருச்சி வானொலி நிலையம் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைப் பற்றித் தொடர்ந்து எடுத்துரைத்தது. தஞ்சைப் பகுதி விவசாயிகள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஆனால் அன்று வானொலி தனியாகப் பேசவில்லை. தஞ்சை மாவட்டத்தில் அப்போது நடைபெற்ற தீவிர விவசாய மாவட்டத் திட்டத்தின் கீழ் விதையும் உரமும் கடனும் கிடைத்தன. வயலுக்கு வந்து நின்று விளக்கக் கிராம சேவகரும் இருந்தார். காதில் விழுந்த சொல்லைக் கண்ணெதிரே செய்து பார்க்க வழியிருந்தமையால் அது பலித்தது.

இன்று நம் விவசாயிகளின் கையிலுள்ள தொலைபேசியிலேயே ஆயிரமாயிரம் விவசாயப் படங்கள் ஓடுகின்றன. அவற்றுள் மிகவும் பயன் தருபவையும் உண்டு. அறுவடையை மட்டும் காட்டி ஆசையூட்டுபவையும் உண்டு. ஒரு படத்தைக் கண்டு புதிய பயிரில் இறங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நலம். நடவுக்கும் அறுவடைக்கும் இடையே சென்ற காலம் எவ்வளவு? நிலத்தைத் திருத்தியது யார், எத்தனை ஆள் கூலியில்? அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? பயிர் கெட்ட பருவத்தில் என்ன செய்தார்கள்? இவற்றிற்கு விடையளிக்கும் படத்தை நம்பலாம். விடையில்லையேல், விடை தெரிந்த பக்கத்து ஊர் விவசாயியைத் தேடிச் செல்வதே தக்கது.

பஞ்சாயத்துக்களுக்கும் இதில் பங்குண்டு. பள்ளித் தோட்டமோ, மகளிர் குழுவின் காய்கறித் தோட்டமோ தொடங்கும்போது, திறப்புவிழாவன்று பசுமையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பெரும் பரப்பில் இறங்க வேண்டுவதில்லை. முதலாண்டில் ஒரு சென்ட், நீர் எட்டும் தூரத்தில், களை நீங்கிய நிலத்தில் போதும். அது நிலைத்த பின் இரண்டாகட்டும். செயல்விளக்கத் திடலுக்கு ஊராரை அழைக்கும்போது, விளைந்த நாளில் மட்டும் அழையாமல், உழும் நாளிலும், களையெடுக்கும் நாளிலும், பூச்சி விழுந்த நாளிலும் அழைக்க வேண்டும். தோல்வியை மறைக்காமல் காட்டும் திடலே பிறர் தோல்வியைத் தடுக்கும்.

திரை ஆர்வத்தை விதைக்கக் கூடும், அதுவும் வேண்டியதே. அந்த ஆர்வத்தை முளைத்த இடத்திலேயே வாடவிடாமல் காப்பது அண்டை வீட்டாரின் அனுபவமும், பொறுமையுடன் நிலத்தைப் பங்கிடும் உள்ளூர் மன்றமும் ஆகும். இவ்விரண்டும் நம் கிராமங்களில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்திக் கொள்வது நம் கடமை.