ஜப்பானில் மலிவான அறை ஏன் மலிவாக இருக்கிறது?

ஜப்பானுக்கு டிக்கெட் போட்ட நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சீப்பா எங்க தங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "அந்த ரூம் ஏன் சீப்புன்னு தெரியுமா?"

அங்கே எந்த அறையும் சும்மா மலிவாக இருப்பதில்லை. சின்னதாக இருக்கும், பூட்டு இருக்காது, ஸ்டேஷன் தூரமாக இருக்கும், சாப்பாடு இருக்காது, அல்லது அந்தப் பேட்டைக்கு ஒரு பழைய கதை இருக்கும். காரணம் எதுவென்று தெரிந்துவிட்டால், அது நமக்கு உறுத்துமா என்று பார்த்துக்கொள்ளலாம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு உறுத்துவது, முதுகில் ஒரே பையோடு போகும் இளைஞனுக்கு உறுத்தாது. கீழே வரும் தொகைகளுக்கு 100 யென் என்றால் சுமார் 55 முதல் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிசினஸ் ஹோட்டல். டோயோகோ இன், அபா, சூப்பர் ஹோட்டல், ரூட் இன், டோர்மி இன் என்று சங்கிலி சங்கிலியாக எல்லா ஊரிலும் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஸ்டேஷன் பக்கத்திலேயே. இங்கே மலிவுக்குக் காரணம் இடம். ஒற்றை அறை 11 முதல் 13 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் 120, 140 சதுர அடி. பெரிய சூட்கேஸ் இரண்டைத் தரையில் ஒரே நேரத்தில் திறக்க முடியாது. குளியலறை தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்திய ஒரு பிளாஸ்டிக் பெட்டி மாதிரி இருக்கும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக நியூ ஓட்டானி ஹோட்டலை அவசர அவசரமாகக் கட்டியபோது டோட்டோ நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த உத்தி அது. அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. சுத்தம் பற்றிக் கவலையே வேண்டாம். சிறியது என்பதைத் தவிர வேறு குறை அனேகமாக இல்லை.

ஒரு சொல்லை மட்டும் கவனியுங்க: 'செமி-டபுள்'. இரண்டு பேர் அறை என்று மலிவாகக் காட்டும். உள்ளே இருப்பது 120 முதல் 140 சென்டிமீட்டர் அகலக் கட்டில் ஒன்றே ஒன்று. புதுமணத் தம்பதிக்குச் சரி, அண்ணன் தம்பிக்குக் கஷ்டம். இரண்டு கட்டில் வேண்டுமென்றால் 'ட்வின்' என்று பார்த்து எடுக்க வேண்டும்.

அடுத்தது, ஜப்பானியர்கள் விலை சொல்லும் முறை. நமக்கு அறைக்கு இவ்வளவு என்றுதான் பழக்கம். அங்கே ரியோகான் என்ற மரபு விடுதியிலும், வீட்டோடு சேர்ந்த மின்ஷுகுவிலும் தலைக்கு இவ்வளவு. 9,000 யென் என்று பார்த்தால் மூன்று பேருக்கு 27,000. அதில் பெரும்பாலும் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அடக்கம், அதில் மீன் இல்லாத தட்டு அபூர்வம். சைவர்கள் சாப்பிட முடியாத சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. 'சுடோமாரி' என்று ஒரு வகை உண்டு, சாப்பாடு இல்லாமல் தங்க மட்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் அதே அறை கணிசமாகக் குறையும். முன்பதிவுத் தளங்களில் 'ஒருவர்' என்று போட்டுப் பார்த்துவிட்டு விலையை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், முதலிலேயே சரியான ஆள் எண்ணிக்கையைப் போடுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. பெற்றோர் கட்டிலிலேயே படுத்துக்கொண்டால் தொடக்கப்பள்ளி வயது வரை பல சங்கிலி ஹோட்டல்களில் கட்டணம் இல்லை.

கேப்சூல் ஹோட்டலின் கதை சுவாரசியமானது. முதல் கேப்சூல் ஹோட்டல் 1979-இல் ஓசாகாவின் உமேடாவில் திறந்தது. வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா, டோக்கியோவின் நாககின் கேப்சூல் டவரைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆபீஸ்காரர்களுக்கென வந்தது. நள்ளிரவு தாண்டினால் காலை ஐந்து மணி வாக்கில்தான் மறுபடி ரயில், டாக்ஸிக்கு இரவு 10 மணியிலிருந்து 20 சதவீதம் கூடுதல். அந்த நாலைந்து மணி நேரத்துக்கான படுக்கைதான் இது.

1948-இல் வந்த விடுதித் தொழில் சட்டத்தில் 'கான்-இ ஷுகுஷோ' என்றொரு வகை இருக்கிறது. எளிய தங்குமிடம், பலர் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வது. கேப்சூலும் ஹாஸ்டலும் அதற்குள்தான் வருகின்றன. சட்டத்தின் கண்ணில் நீங்கள் படுக்கும் பெட்டி ஒரு அறை அல்ல, பெரிய அறையில் ஒரு படுக்கை. அதனால்தான் அதற்குப் பூட்டும் கதவு இல்லாமல் திரைதான் இருக்கும். பாஸ்போர்ட்டும் பணமும் லாக்கரில். ஆண்களுக்கு மட்டும் என்று இயங்குபவை நிறைய, பெண்களுக்குத் தனித் தளம் வைத்திருப்பவையும் உண்டு. இரண்டு மூன்று இரவு தங்கினாலும் பகலில் சுத்தம் செய்வதற்காக வெளியேற வேண்டும் என்பது பல இடங்களில் விதி, அதையும் பார்த்துக்கொள்ளுங்க. என் கருத்தில் கேப்சூல் ஒரு இரவு அனுபவத்துக்குச் சரி. ஒரு வாரத்துக்கு அதைவிட நல்ல ஹாஸ்டல் மேல். சமையலறை, வாஷிங் மெஷின், பேச நாலு ஆள் என்று எல்லாம் கிடைக்கும்.

நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்கு வேறு. நான்கு பேர் படுக்கும் ஹோட்டல் அறை ஜப்பானில் குறைவு, இரண்டு அறை எடுக்க வேண்டிவரும். அங்கேதான் 'மின்பாகு', அதாவது வீட்டு வாடகை முறை, உதவுகிறது. 2018 ஜூன் 15 முதல் இதற்குத் தனிச் சட்டம் உண்டு. பதிவு எண் கட்டாயம், வருடத்துக்கு 180 நாள்தான் வாடகைக்கு விடலாம். கியோட்டோ இன்னும் கறார்: குடியிருப்புக்கே உரிய பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை மட்டும்தான் அனுமதி, அதாவது கூட்டமே இல்லாத குளிர் மாதங்கள். ஓசாகாவில் சிறப்பு மண்டல விதியின் கீழ் 180 நாள் வரம்பு இல்லாத வீடுகள் இருக்கின்றன, ஆனால் குறைந்தது இரண்டு இரவு தங்கியாக வேண்டும். பதிவு எண் போடாத விளம்பரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கடைசி நேரத்தில் ரத்தானால் நாலு பேரோடு தெருவில் நிற்பது நீங்கள்தான்.

மின்பாகுவில் சுத்தம் செய்யும் கட்டணம் தனியாக இருக்கும். ஒரு இரவோ பத்து இரவோ, தொகை ஒன்றுதான். 8,000 யென் என்று வையுங்கள்: ஒரு இரவுக்கு அது பெரிய சுமை, ஐந்து இரவுக்கு நாளுக்கு 1,600. அதனால் ஊர் ஊராக மாறும் பயணத்துக்கு ஹோட்டல், ஒரே ஊரில் கூடாரம் போட்டால் வீடு. அரிசி பருப்பு கையில் இருந்தால் ரசம் சாதம் வேறு.

ஆராய்ச்சிக் குறிப்பு என்று நான் எழுதிவைத்திருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது 'டோயா' என்ற சொல். ஜப்பானிய மொழியில் தங்குமிடம் 'யாடோ'. அதைத் தலைகீழாகத் திருப்பினால் டோயா. யாடோ என்று சொல்லக்கூட லாயக்கில்லாத இடம் என்ற எள்ளல். போருக்குப் பிறகு நாட்டைக் கட்டி எழுப்பிய தினக்கூலிகள் படுத்த, மூன்று தாதாமி பாய் அளவு அறைகள். மூன்று தாதாமி என்றால் சுமார் 50 சதுர அடி. டோக்கியோவின் சான்யா, ஓசாகாவின் காமகாசாகி, யோகோஹாமாவின் கோத்தோபுகி மூன்றும் பெயர்பெற்ற டோயா தெருக்கள். சான்யாவின் பெயரை 1966-இல் வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். தொழிலாளிகளுக்கு வயதாகி, கட்டட வேலையும் குறைந்தபோது அறைகள் காலியாயின. சில விடுதிக்காரர்கள் அவற்றை வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்தார்கள்.

மினாமி-சென்ஜு அல்லது ஷின்-இமாமியா ஸ்டேஷன் பக்கத்தில் நம்ப முடியாத விலைக்குத் தனி அறை காட்டினால், பெரும்பாலும் காரணம் இதுதான். பொது குளியலறை, மெல்லிய சுவர், தெருவில் உட்கார்ந்து குடிக்கும் முதியவர்கள். ஆபத்தான இடமா என்றால், என் அனுபவத்தில் இல்லை. மாலையில் தனியாக நடந்திருக்கிறேன், ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த முதியவர்கள் பலருக்கு அது பயணிகள் விடுதி அல்ல, வீடு. அரசு உதவித்தொகையில் அதே மாதிரி அறைகளில்தான் வருடக்கணக்காக வாழ்கிறார்கள். வேடிக்கை பார்த்து போட்டோ எடுக்காமல் இருந்தால் போதும். 2022-இல் ஷின்-இமாமியா ஸ்டேஷன் எதிரிலேயே ஹோஷினோ நிறுவனத்தின் பெரிய ஹோட்டல் வந்துவிட்டது. ரயில் வசதி அப்படி: கன்சாய் விமான நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு. இந்த விலை இன்னும் எத்தனை நாளோ.

இனி தூரம். 'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிட நடை' என்பதற்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஜப்பானின் வீட்டு விளம்பர விதிப்படி ஒரு நிமிடம் என்றால் 80 மீட்டர். சிக்னலில் நிற்பது, படி ஏறுவது எதுவும் கணக்கில் இல்லை. ஹோட்டல்காரர்களும் ஏறக்குறைய இதே கணக்கில் எழுதுகிறார்கள். ஷின்ஜுகு மாதிரி ராட்சத ஸ்டேஷனில் பிளாட்பாரத்திலிருந்து சரியான வாசலைப் பிடிப்பதற்கே பத்து நிமிடம் ஆகும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு, லிஃப்ட் இருக்கும் வாசல் எது என்பதுதான் முக்கியம். ஹோட்டல் படத்தை விட்டுவிட்டு முதலில் ஸ்டேஷன் வரைபடத்தைப் பாருங்கள்.

ஊருக்கு வெளியே தங்கினால் மிச்சமா? கூட்டிக் கழித்துத்தான் சொல்ல முடியும். கியோட்டோவில் இரண்டு அறை தேவைப்படும் நான்கு பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாநிலத்தின் ஓட்சு, ரயிலில் இரண்டாவது நிறுத்தம், பத்து நிமிடம், டிக்கெட் சுமார் 200 யென். போக வர நான்கு பேருக்கு 1,600. அங்கே அறைக்கு 2,000 வீதம் குறைந்தால் 4,000 மிச்சம், ரயில் போக 2,400 கையில். இதையே ஓசாகாவில் தங்கிச் செய்தால் அரை மணிப் பயணம், டிக்கெட் சுமார் 600, நான்கு பேருக்குப் போக வர 4,800. மிச்சம் போய் நஷ்டம். தனி ஆள் என்றால் ஓசாகா கணக்கு சரிப்பட்டு வரலாம். ஆள் கூடக் கூட ரயில் கட்டணம் பெருகுகிறது, அறை வாடகை அப்படிப் பெருகுவதில்லை.

டோக்கியோவில் யாமனோதே வட்டப் பாதையில் 30 ஸ்டேஷன். ஷின்ஜுகு, ஷிபுயாவை விட்டுவிட்டு ஒட்சுகா, உயேனோ பக்கம் பார்க்கலாம். உயேனோவுக்கு நரிதா விமான நிலையத்திலிருந்து நேர் ரயில் வேறு. சாப்பாடு பிரச்சினை என்றால் தோசாய் பாதையில் நிஷி-கசாய். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த நம்மூர் எஞ்சினியர்கள் குடியேறிய பகுதி, இந்திய மளிகையும் சைவச் சாப்பாடும் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு நகரத்தை நோக்கிப் போகும் அந்த ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள், நெரிசலுக்குப் பேர்போனது.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதுவும் தலைக்கு, இரவுக்கு. கியோட்டோவில் 2026 மார்ச் முதல், தலைக்கு 6,000 யென்னுக்குக் கீழ் என்றால் 200, அதிலிருந்து 20,000-க்குக் கீழ் வரை 400. பெரும்பாலும் அங்கே போனபிறகுதான் கேட்பார்கள்.

கடைசியாக நாள்காட்டி. அதே அறை சனிக்கிழமை இரவு ஒரு விலை, ஞாயிறு இரவு ஒரு விலை, சில ஊர்களில் பாதிகூட ஆகும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் ஓபோன், புத்தாண்டு, கியோட்டோவில் செர்ரி பூக்கும் நாட்களும் நவம்பர் இலையுதிர் காலமும், இவற்றில் மேலே சொன்ன எந்த உத்தியும் அவ்வளவாகப் பலிக்காது. தேதி மாற்ற முடியாவிட்டால் ஊர் வரிசையை மாற்றுங்கள். சனி இரவு ஒரு சாதாரணத் தொழில் நகரில், ஞாயிறு திங்கள் கியோட்டோவில். நான் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து முதலில் போட்டுவிடுவேன். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை தேடுவேன், குறைந்திருந்தால் பழையதை விட்டுவிடுவேன். ரத்துக் கெடு எந்த நாட்டு நேரப்படி முடிகிறது என்பதையும் பாருங்கள், ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது.