சுருக்கு நிரலில் ஓர் இடைச்செருகல்

பழைய ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பிப்போர் இருவகைக் குற்றங்களைக் கண்டு களைவர். ஒன்று, ஏடெழுதுவோர் கை தவறியதால் நேர்ந்த பிழை. மற்றொன்று, பின்வந்தார் ஒருவர் வேண்டுமென்றே புகுத்திய இடைச்செருகல். முன்னையது சோர்வின் விளைவு. பின்னையது கரவின் விளைவு. இவ்விரண்டும் ஏடுகளிலன்றிக் கணினி நிரல்களிலும் உளவாம். 2024-ஆம் ஆண்டில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலில் அகப்பட்ட இடைச்செருகலை எடுத்துக்கொண்டு, நிரலின் பழுதை ஆராயுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

சுருக்கு நிரலாவது கோப்பொன்றைப் பொருள் குறையாது சிற்றளவினதாக்குங் கருவி. கணக்கேட்டில் ஒரே பெயரும் ஊரும் பன்முறை வருமிடத்துக் கணக்கர் அவற்றை மீண்டும் மீண்டும் எழுதாது ‘மேற்படி’ என்றெழுதுவரன்றோ? அதுவே இதன் அடிப்படை. ‘இத்துணை எழுத்துப் பின்னோக்கிச் சென்று, அங்கிருந்து இத்துணை எழுத்தை எடுத்துக்கொள்க’ என்னுங் குறிப்பை, மீண்டு வருந் தொடருக்கு மாற்றாக வைக்கும் முறையை ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்னும் அறிஞர் இருவர் 1977-இல் வெளியிட்டனர். இகோர் பாவ்லோவ் என்பார் அதனை வளர்த்து எல்இசட்எம்ஏ என்னும் முறையை ஆக்கினார். அம்முறையைக் கையாள்வதே எக்ஸ்இசட். லாஸே காலின் என்னும் பின்லாந்து நாட்டவர் ஊதியங் கருதாது அதனைப் பேணி வருபவர். அதன் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம்.

மூலமென்பது மனிதர் படித்தற்குரிய வடிவிலுள்ளது. அதனைப் பொறி கொள்ளும் வடிவிற்கு மாற்றி, வேண்டும் உறுப்புக்களோடு இணைப்பதைக் கட்டுதல் என்பர். ஆகவே பழுதும் இருவகைத்து: கட்டும்பொழுது தோன்றுவது ஒன்று, இயங்கும்பொழுது தோன்றுவது மற்றொன்று. மாற்றித்தரும் நிரலோ, இணைத்தற்குரிய உறுப்போ இல்லாதவிடத்துக் கட்டுதல் நின்றுபோம். கட்டி முடிந்த பின்னும், கணினியில் நூலகத்தின் பழம்பதிப்பொன்று கிடக்குமாயின், புதிய நிரல் அதனைப் பற்றிக்கொண்டு, வேண்டிய பதிப்பு இஃதன்றென முறையிட்டு நின்றுவிடும். நூலகம் என்றது பல நிரல்கள் பொதுவாகப் பயன்கொள்ளும் பகுதியை. இனி, விரிக்கும்பொழுது பிழை காட்டின், சிதைந்தது நிரலா கோப்பா என்று முதலிற் பிரித்தறிதல் வேண்டும். எக்ஸ்இசட் ஒவ்வொரு கோப்பினுள்ளும் சரிபார்ப்பு எண்ணொன்றை வைப்பதாகலின், கோப்பை விரித்தெழுதாமலே சோதித்து அதனை அறியலாம். இவையெல்லாம் சோர்வினால் வரும் பழுதுகள். தேடினால் விரைவிற் புலப்படுவன.

கரவினால் வந்த பழுதோ வேறுவகையில் வெளிப்பட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பார் போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள நிரலை ஆக்குவோருள் ஒருவர். அவர் 2024 மார்ச்சில் தம் டெபியன் கணினியிற் சில கால அளவைகளைச் செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினியுட் புகுதற்கு வாயிலாகிய எஸ்எஸ்எச் நிரல், தவறான பெயரோடு வந்தாரை மறுத்தனுப்புதற்குங்கூட மிகுதியாக உழைப்பதைக் கண்டார். முன்னர் 0.299 வினாடியில் முடிந்தது இப்பொழுது 0.807 வினாடி கொண்டது. அரைவினாடியைப் பொருட்படுத்துவார் யாவர்? அவர் பொருட்படுத்தினார். அக்காலம் எங்கே கழிகின்றதென்று அளந்தபொழுது, எக்ஸ்இசட் தொகுதியைச் சார்ந்த சுருக்கு நூலகத்தினுட் கழிதல் தெரிந்தது. வாயில் காக்கும் நிரலுக்குச் சுருக்கு நூலகம் எற்றுக்கு? லினக்ஸ் வழங்குவோர் சிலர் அவ்வாயில் நிரலைச் சிஸ்டம்டி என்னுந் தொகுதியோடு இணைத்திருந்தனர். அத்தொகுதியின் வழியே சுருக்கு நூலகமும் உடன் வந்தது. சில வாரங்கட்கு முன், நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரிண்ட் என்னுங் கருவி விளங்காத முறையீடொன்றைச் செய்ததும் அவர் நினைவிற்கு வந்தது. தனித்தனியே நோக்கின் சிறியனவாகிய இவ்விரண்டு குறிகளையும் இணைத்துப் பார்த்தமையே அவர்தம் ஆராய்ச்சியின் திறவுகோல்.

அதன்மேற் கட்டும் முறையை ஆராய்ந்தார். பொதுக் களஞ்சியத்தில் யாவரும் காணுமாறு இருந்த மூலம் ஒன்று. பதிப்பாகக் கட்டிப் பொதிந்து வழங்கப்பட்ட படி மற்றொன்று. களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், கட்டுதற்கு முன் கணினியைச் சோதிக்கும் பகுதியில், படியில்மட்டும் இருந்தன. சிதைந்த கோப்பைக் கண்டால் நிரல் யாது செய்யுமென அறிதற்பொருட்டு, வேண்டுமென்றே சிதைத்த கோப்புக்கள் சில மூலத்தோடு வைக்கப்படுதல் வழக்கம். சிதைவே அவற்றின் இயல்பாதலின் எவரும் ஐயுறார். அவ்வரிகள் அத்தகைய கோப்பொன்றன் எழுத்துக்களை இடமாற்றி, அதனுள் மறைந்திருந்த கட்டளைகளை வெளிக்கொணர்ந்தன. அக்கட்டளைகளோ, கட்டப்படுவது டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதிதானா என்று பார்த்து, ஆயின் மற்றொரு சோதனைக் கோப்பினின்று முன்னரே ஆக்கிவைத்த பொறிமொழிப் பகுதியை எடுத்து நூலகத்தோடு பிணைத்தன. குறித்த மறைச்சாவி ஒன்றை உடையார், கடவுச்சொல் இன்றியே தம் ஏவலை அக்கணினியில் நடத்துதற்கு வழி செய்வதே அதன் நோக்கம்.

இயங்கும்பொழுதும் அது தன்னை மறைத்துக்கொள்ள வல்லது. ஆராய்வோர் முனையத்திலிருந்து தம் கையால் வாயில் நிரலைத் தொடங்கின், முனையத்தின் வகையைக் குறிக்கும் மாறி அமைந்திருத்தலைக் கண்டு அடங்கிவிடும். கணினி தானே தொடங்கும் நிலையில் மட்டுமே விழித்தெழும். ஆதலின் பழுது தோன்றிய சூழலை அவ்வாறே அமைத்துச் சோதிப்பதே முறையாம்.

இவ்விடைச்செருகலைப் புகுத்தியவர் ஜியா டான் என்னும் பெயரால் 2021 முதல் நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்றவர். 2022-இல் வேறு சில பெயர்களால் எழுதினோர், பணி தாமதமாகின்றதென்று காலினை நெருக்கினர். இஃது ஊதியமற்ற முயற்சி என்று அவர் விடையிறுத்தார். பின்னர்ப் பதிப்பு வெளியிடும் உரிமை அப்புதியவர்க்குங் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் 5.6.0 பதிப்பும், மார்ச்சில் 5.6.1 பதிப்பும் வெளிவந்தன. முன்னதில் எழுந்த முறையீடுகள் பின்னதில் அடக்கப்பட்டன, காரணமோ களையப்படவில்லை. மற்றொரு சூழ்ச்சியும் நோக்கத்தக்கது. லேண்ட்லாக் என்னும் காப்பு வசதி கணினியில் உண்டோவென அறியும் சிறு சோதனை நிரலில் ஒரு புள்ளி தனியே இடப்பட்டிருந்தது. அப்புள்ளியால் அச்சோதனை எப்பொழுதுந் தோற்கும்; தோற்பின், அவ்வசதி இல்லையெனக் கொண்டு கட்டுதல் அமைதியாக மேற்செல்லும். ஒற்றுக்கும் உயிர்மெய்க்கும் புள்ளியொன்றே வேற்றுமை என்றறிந்த தமிழ் மாணவர்க்கு, ஒரு புள்ளியின் ஆற்றல் புதிதன்று.

மார்ச் 29-ஆம் நாள் ஃப்ராய்ண்ட் யாவும் வெளியிட்டார். இக்குற்றத்திற்குக் கொடுமை அளவையில் உச்சமாகிய 10 என்னும் எண் வழங்கப்பட்டது. டெபியன், ஃபெடோரா முதலியவற்றின் சோதனைப் பதிப்புக்களிற் புகுந்திருந்த அந்நூலகம் விரைந்து நீக்கப்பட்டது. பெரும்பான்மையோர் பயன்கொள்ளும் நிலைப்பதிப்புக்களுள் அது புகுமுன்னரே தடுக்கப்பட்டமை நற்பேறே. காலின் மூலமுழுதும் ஆராய்ந்து, மே 29-ஆம் நாள் தூய 5.6.2 பதிப்பை வெளியிட்டார்.

இவ்வரலாற்றால் பழுதாராய்வோர் கொள்ளத்தக்கன நான்கு. முதலாவது, பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே அளவையால் அளந்து வேற்றுமை காண்க. இரண்டாவது, பழுது தோன்றிய சூழலிலேயே அதனை மீண்டுந் தோற்றுவிக்க. மூன்றாவது, களஞ்சிய மூலத்தையும் கட்டுதற்குக் கொண்ட படியையும் ஒப்புநோக்குக. நான்காவது, முறையீடு ஓய்ந்ததைக் கொண்டே பழுது தீர்ந்ததெனக் கருதாது, காரணம் விளங்குந்துணையும் தேடுக. மூலம் எவர்க்குந் திறந்திருத்தல் பெருநன்மையே. எனினும் திறந்த ஏட்டையும் ஒருவர் அமர்ந்து படித்தாலன்றிப் பயனில்லை. உலகமெங்கும் பயன்கொள்ளும் ஒரு நிரலைத் தனியொருவர் தோளில் ஏற்றிவிட்டுத் தாமதமென்று நெருக்குதல் எத்துணைக் கேட்டிற்கு இடந்தருமென்பதும் இதனாற் புலனாம். கணினித் துறையிற் புகும் நம் தோழர்கள் இத்தகைய நிரல்களைப் பயன்கொள்வதோடு அமையாது, படிப்போராகவும் பேணுவோர்க்குத் துணைநிற்போராகவும் விளங்குவார்களாக.