திரியைத் தூண்டினால் போதுமா?

நடுவர் அவர்களே! 'வேலையில சலிப்பு வருதுன்னா அது சோம்பேறித்தனம்'னு எதிரணி நண்பர் சொன்னார். நானும் 25 வருஷமா அப்படித்தான் நினைச்சேன்.

ஒரு கோடையில் பகலெல்லாம் விடைத்தாள் திருத்தல், ராத்திரி மேடை. ஒருநாள் ஒரு தாளுக்கு 28 போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது? ஒரு வரிகூட நினைவில்லை! திரும்பப் படித்தேன், 43 வந்தது. தேர்ச்சிக்கு 40. என் களைப்புக்கு ஒரு பிள்ளை தோற்றிருக்கும் ஐயா!

அமெரிக்க உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் இந்த நிலையை 'எரிந்து தீர்தல்' என்று எழுதினார். கவனிங்க, எரிந்தவன்தானே கருகுவான்? சோம்பேறி எங்கே எரிந்தான்? இது நோயல்ல, தீராத பணி அழுத்தத்தின் விளைவு என்றது உலக சுகாதார நிறுவனம், 2019இல். அடையாளம் மூன்று: ஓயாத அசதி, வேலைமேல் வெறுப்பு, வேலைத்திறன் குறைதல்.

நான் என்ன செய்தேன்? காப்பிமேல் காப்பி குடித்தேன். வீட்டம்மா கேட்டாங்க: "விளக்கு மங்கினா திரியைத் தூண்டினா போதுமா? எண்ணெய் ஊத்த வேண்டாமா?"

மறுநாள் முகாம் பொறுப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். அந்தக் கட்டு முழுவதையும் மறுபடி திருத்தினேன். தினசரித் தாள்களைக் குறைத்துக்கொடுத்தார். அந்த மாத மேடைகளை விட்டேன். நேரத்துக்குத் தூக்கம், காலையில் நடை. பல வாரம் கழித்துத்தான் தெளிந்தேன்.

ஒருநாள் லீவு போட்டு, அதே சுமையைத் திரும்பத் தூக்கினால் தீராதுங்க. சுமையைக் குறைக்கணும், வாய்விட்டுச் சொல்லணும். அப்பவும் தீரலையா? மருத்துவரைப் பாருங்க. கேட்பது கேவலமில்லை, கருகிய பிறகு வெளிச்சம் தேடுவதுதான் பரிதாபம்.