கிளைடரின் கம்ப்யூட்டருக்கு வயதானால்...

உங்கள் கம்ப்யூட்டரைச் சில மாதங்கள் இயக்காமல் வைத்திருந்து மீண்டும் ஆன் செய்தபோது, தேதி பல வருடங்கள் பின்னால் போயிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டால் அப்படி ஆகும். ஒரு சி.ஆர்.2032 பேட்டரி வாங்கி மாற்றி, தேதியைச் சரி செய்தால் போதும். இதே போன்ற ஒரு தேதிக் கோளாறு, ஒரு மாணவியின் ஐந்து மணி நேர உழைப்பை வீணாக்கியதை நான் நேரில் பார்த்தேன். அதை பேட்டரி மாற்றிச் சரி செய்ய முடியவில்லை.

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் பணிபுரிகிறேன். வார இறுதிகளில் அருகிலுள்ள ஸ்வேபியன் ஆல்ப் மலைப்பகுதியில் ஒரு கிளைடர் கிளப்பிற்குச் செல்வேன். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். வின்ச் கயிறோ, இன்னொரு விமானமோ இழுத்து மேலே விடும். அதன் பின், வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்து, பருந்து போல வட்டமடித்து உயரம் ஏற வேண்டியதுதான். காற்று நம்மைத் தூக்குகிறதா, இறக்குகிறதா என்பதை உடம்பை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. அதைக் காட்டும் கருவிதான் வேரியோமீட்டர். பழைய வகையில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க், ஒரு குழாய், ஒரு முள். மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. பிளாஸ்க்கில் உள்ள காற்று வெளியேறுகிறது. அந்த ஓட்டத்தை முள் காட்டுகிறது. மின்சாரமே தேவையில்லை.

பின்னர் எலெக்ட்ரானிக் கருவிகள் வந்தன. ஏறும்போது ‘பீப் பீப்’ என்று ஒலிக்கும் என்பதால், கண்ணை வெளியே வைத்துக்கொண்டு பறக்கலாம். இந்த உயரத்திலிருந்து வீடு போய்ச் சேரலாமா என்றும் கணக்குப் போட்டுச் சொல்லும். 1990களில் ஜி.பி.எஸ். சேர்ந்தது. பறந்த பாதை முழுவதையும் பதிவு செய்யும் ரெக்கார்டர்கள் வந்தன. எங்கள் கிளப்பின் எல்.எஸ்.4 ரக கிளைடரில் இருந்தது அந்தக் காலத்துக் கருவிதான்.

2019 மே 18 சனிக்கிழமை. கிளப் மாணவி ஒருவர் வெள்ளி பேட்ஜுக்காகப் பறந்தார். இந்த பேட்ஜ் பெற 50 கிலோமீட்டர் தூரம், 1000 மீட்டர் உயர ஏற்றம், 5 மணி நேரப் பறப்பு ஆகிய மூன்றும் வேண்டும். அவருக்கு மீதமிருந்தது ஐந்து மணி நேரம் மட்டுமே. இறங்கி வந்தபோது முகமெல்லாம் வெயிலில் சிவந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தார். நான் கிளப் அலமாரியில் இருந்த பழைய லேப்டாப்பை எடுத்தேன். அதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்பீர்கள். இந்தக் கருவியிலிருந்து பைலை எடுக்க ஒன்பது முனை சீரியல் போர்ட்டும், டாஸ் புரோகிராமும் வேண்டும். இப்போதைய லேப்டாப்களில் அந்த போர்ட் இருப்பதில்லை. யு.எஸ்.பி. மாற்றி கேபிள் சில சமயம் வேலை செய்யும், எங்களுக்குச் செய்யவில்லை.

பைல் வந்தது. நேரம் சரி, பாதை சரி. தேதி மட்டும் 021099! அதாவது 1999 அக்டோபர் 2.

காரணம் இதுதான். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் ஆண்டு, மாதம் என்று தேதியை அனுப்புவதில்லை. 1980 ஜனவரி 6 முதல் எத்தனையாவது வாரம் என்ற எண்ணைத்தான் அனுப்புகின்றன. பழைய முறையில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட். அதில் 0 முதல் 1023 வரைதான் அடங்கும். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999க்குப் பின் 00000 ஆவது போல, 1024 வாரங்களுக்கு ஒரு முறை இதுவும் பூஜ்யத்திற்கு வரும். முதலில் 1999 ஆகஸ்டில் வந்தது. இரண்டாவது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். புதிய கருவிகள் இதைச் சமாளிக்கும். எங்கள் கருவியோ இன்னும் முந்தைய சுற்றிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டது. வாரக் கணக்கு என்பதால் கிழமை மட்டும் தவறவில்லை. 1999 அக்டோபர் 2ம் சனிக்கிழமைதான்! அடுத்த சுற்று 2038 நவம்பரில் வரும்.

நோட்பேடில் திருத்தினால் என்ன?

அந்த மாணவி கேட்டதும் இதுதான். ரெக்கார்டர் தரும் ஐ.ஜி.சி. பைல் சாதாரண டெக்ஸ்ட் பைல். நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், உயரம் எல்லாம் படிக்கலாம். ஆனால் கடைசி வரிகளைப் பாருங்கள். பொருளற்ற எழுத்துக் குவியல் போலத் தெரியும். அதுதான் டிஜிட்டல் கையெழுத்து. பைலின் உள்ளடக்கத்தையும் கருவிக்குள் உள்ள ரகசியச் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. மேலே பதிவான விவரத்தில் ஓர் எண்ணை மாற்றினாலும் சோதனை புரோகிராம் காட்டிக் கொடுத்துவிடும். தேதியை நாம் திருத்தவும் முடியாது. தவறான தேதியில் மேற்பார்வையாளர் கையெழுத்திடவும் மாட்டார். அவர் போடவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. யோசித்தபோது அவர் செய்தது சரி என்றுதான் தோன்றியது.

கருவியைத் திறந்து பழுது பார்க்கலாமே? அங்கும் ஒரு சிக்கல். இத்தகைய பல ரெக்கார்டர்களில் ரகசியச் சாவி, ஒரு சிறிய லித்தியம் பேட்டரியின் உதவியால்தான் நினைவில் நிற்கிறது. யாராவது மூடியைத் திறந்தால் உள்ளே உள்ள சுவிட்ச் சாவியை அழித்துவிடும். அந்த பேட்டரி தீர்ந்தாலும் அதே கதிதான். தயாரித்த நிறுவனமே சீல் வைத்துத் தர வேண்டும். எங்கள் மாடலுக்கு அந்த நிறுவனம் அப்டேட் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

குளிர்காலத்தில் கிளப் பட்டறையில் பெரிய விவாதம். மார்க் நாணயம் இருந்த காலத்தில் அந்தக் கருவிக்காகப் பணம் திரட்டிய மூத்த உறுப்பினர், அதைக் கழற்றவே கூடாது என்றார். இளைஞர்கள் கலர் ஸ்கிரீன் கேட்டார்கள். நான் முதலில் பேனலைத் திறந்து பார்ப்போம் என்றேன். ஏனெனில் கருவி மீது வேறு இரண்டு புகார்களும் இருந்தன. ரேடியோவில் பேசும்போது அது அணைந்து எழும். வேரியோமீட்டர் தாமதமாகக் காட்டும்.

மல்டிமீட்டரை வைத்து, ஒருவரை ரேடியோவின் பட்டனை அழுத்தச் சொன்னேன். 12 வோல்ட் பேட்டரியில் வோல்டேஜ் அசையவில்லை. கருவியின் முனையில் மட்டும் சரிந்தது. இடையில் இருந்த பியூஸ் ஹோல்டர் பச்சை பூத்துக் கிடந்தது. அதை மாற்றியதும் அணைவது நின்றது. வேரியோவின் குழாயை விரலால் தடவினேன். வளைவில் மெல்லிய விரிசல். நான்கு அங்குலம் வெட்டிப் புதுக் குழாய் போட்டோம். இரண்டு புகார்களுக்கும் கருவி காரணமே இல்லை! கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் மதர்போர்டைக் குறை சொல்லும் முன் கேபிளை ஆட்டிப் பாருங்கள் என்று நாங்கள் எழுதுவது நினைவிருக்கிறதா?

ஆக, கருவியைக் கழற்றவில்லை. ஏற்ற இறக்கம் காட்டுவதற்குத் தேதி தேவையில்லை. பதிவு செய்ய மட்டும், ரெக்கார்டருடன் கூடிய ஒரு பிளார்ம் வாங்கினோம். பிளார்ம் என்பது 2004ல் ஸ்விட்சர்லாந்தில் அறிமுகமான மோதல் எச்சரிக்கைக் கருவி. அருகில் பறக்கும் கிளைடர்கள் தம் இடத்தை ஒன்றுக்கொன்று ரேடியோவில் சொல்லிக்கொள்ளும். இதிலும் மென்பொருளை ஆண்டுதோறும் அப்டேட் செய்திட வேண்டும். பேனலில் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முறையான ஆவணமும், தகுதி பெற்றவரின் கையெழுத்தும் அவசியம். துளையிடும் வேலை வைத்தால் 57 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்ற இரண்டு அளவுகளே வழக்கம். நம் கேபினட்டில் டிரைவ்களுக்கு இருந்த இடம் போலத்தான்.

கலர் ஸ்கிரீன் கேட்டவர்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்.சி.சோர் புரோகிராமைப் போனில் போட்டுக் கொடுத்தேன். நல்ல புரோகிராம். ஆனால் கண்ணாடிக் கூரையின் கீழ் வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடுகிறது. இதே புரோகிராம் சில கோபோ மின்நூல் வாசிப்பான்களிலும் இயங்கும். அந்தத் திரை வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். பிளாஸ்க் வைத்த பழைய முள் வேரியோவை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று நானே அடம்பிடித்தேன்.

அந்த மாணவி 2020 ஜூலையில் மீண்டும் பறந்தார். புறப்படும் முன் பிளார்மின் தேதியை அவர் இரண்டு முறை பார்த்தார். நான் மூன்று முறை பார்த்தேன். ஐந்து மணி இருபது நிமிடம். பைலை மெமரி கார்டிலிருந்து எடுத்துத் திறந்தபோது மேற்பார்வையாளர் முதலில் படித்ததும் தேதி வரியைத்தான். இந்த முறை பேனாவை எடுத்தார்.