அந்த ஊசி மனதை ஏன் வாட்டியது?

ஹெபடைடிஸ் சி-க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசிதான். 24 அல்லது 48 வாரம். போட்டுக்கொண்ட பலர் தூக்கமிழந்தார்கள், காரணமில்லாமல் அழுதார்கள். ஏன்? டிரிப்டோஃபானைச் சிதைக்கும் ஐடிஓ என்ற நொதியை இன்டர்ஃபெரான் தூண்டிவிடும். மூளை செரட்டோனின் தயாரிக்கத் தேவையான அந்த மூலப்பொருள் கூடுதலாகக் கைனுரெனினாகப் போய்விடும். அதே சமயம் வீட்டில் ஒரு சாவும் விழுந்தால்? துக்கம் எது, மருந்தின் வேலை எது என்று பிரிக்கவே முடியாது. அவர்களை மனத்திடம் இல்லாதவர்கள் என்றது கொடுமை.

2013-இல் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. இன்று பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வார மாத்திரைகளே போதும், இன்டர்ஃபெரான் வேண்டாம். இழப்பின் வலி மட்டும் மாத்திரைக்குக் கட்டுப்படாது. துக்கத்தில் மாத்திரை வேளை தவறாமலிருக்க வீட்டில் ஒருவரை நினைவூட்டச் சொல்லுங்கள். சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மனச்சோர்வு மருந்துகள் பலவற்றை இந்த மாத்திரைகளோடு சேர்த்தே எடுக்கலாம். ஆனால் மனச்சோர்வுக்கென எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையைத் தொடவே கூடாது: சோஃபோஸ்புவிர் இரத்தத்தில் சேரும் அளவை அது குறைத்துவிடும்.