கல்யாண வழக்கா, காணி வழக்கா?

கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியாகப் போகிறவர்கள் சட்டத்தரணிகளின் பெயர்ப்பலகைகளைக் கண்டிருப்பார்கள். பெயருக்குக் கீழே பெரும்பாலும் ‘சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்’ என்றிருக்கும். டிவோஸ் கேட்டு வருகிறவர் முன்பாதியை நம்பித்தான் படியேறுகிறார். ஆனால் யாழ்ப்பாணத்தில் குடும்ப வழக்கை எடுக்கிறவருக்குப் பின்பாதி வேலை தெரியாவிட்டால் வழக்கு நடுவழியில் நின்றுவிடும். இங்கே கல்யாணம் காணியோடு கட்டப்பட்ட விடயம்.

‘குடும்பச் சட்டத்தரணி’ என்று இலங்கையில் தனிப் பட்டமோ பதிவோ கிடையாது. சட்டப் பட்டம் பெற்றிருந்தாலும், 1874 இல் தொடங்கிய கொழும்புச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, மூத்தவர் ஒருவரிடம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தாக வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவருக்கும் இதே பாதைதான். நம் பாட்டன்மார் காலத்தில் சட்டத்தரணிகளில் அப்புக்காத்து (அட்வகேட்) ஒரு தட்டு, பிறக்கிராசி (புரொக்டர்) இன்னொரு தட்டு. 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நொத்தாரிசாக இருப்பதற்கு வேறாக அனுமதிப் பத்திரம் வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது.

இதெல்லாம் நாடு முழுவதற்கும் பொது. வடக்கில் இதற்கு மேலே தேசவழமை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்த வழமைகளைத் திரட்டி 1707 இல் ஒப்படைத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் வாசித்துச் சரி என்றார்கள். பன்னிருவரும் ஆண்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலேயர் 1806 இல் இதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். இன்று நீதிமன்றத்தில் அதிகம் புரட்டப்படுவது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசம் பற்றிய கட்டளைச் சட்டமும் அதற்கு 1947 இல் வந்த திருத்தமும்தான். சைவரோ கிறிஸ்தவரோ, வடமாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு இது பொருந்தும். மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. தேசவழமைக்குட்பட்ட பெண் வெளியே கல்யாணம் செய்தால், அந்தக் கல்யாணம் நிலைத்திருக்கும்வரை அவளுக்கு இது இல்லை. வெளியே இருந்து இங்கே மருமகளாக வருகிறவள் இதற்குள் வந்துவிடுகிறாள்.

அதனால்தான் பிரிவு வழக்கொன்று வந்ததும் அனுபவமுள்ள சட்டத்தரணி முதலில் உறுதிகளைக் கேட்கிறார். இந்தக் காணி சீதனமா, முதுசமா, தேடியதேட்டமா? கல்யாணத்துக்குப் பிறகு உழைத்த காசில் வாங்கியது தேடியதேட்டம். ஒருவர் இறந்தால் அதிற் பாதி மற்றவருக்கு, பாதி வாரிசுகளுக்கு. சீதனக் காணி பெண்ணுடையது. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தனக்குப் பெற்றோர் வழியாக வந்த முதுசக் காணியை விற்க அவளைக் கேட்கத் தேவையில்லை. ஒரு நூற்றாண்டு தாண்டியும் இந்தப் பிரிவு புத்தகத்தில் இருப்பது நியாயமல்ல. மாற்றவேண்டும் என்ற கோரிக்கையும் பழையதுதான்.

தப்ப வழியில்லை என்றுமில்லை. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். போருக்குப் பிறகு இந்த வழியின் பெறுமதி கூடியிருக்கிறது. காணாமலாக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் எத்தனையோ. அவர் காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இடம் தந்தது. மரணம் என்று எழுதாமலே அலுவல் பார்க்க ஓர் ஆவணம் கிடைத்தது அப்போதுதான்.

கணவன் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் கதை வேறு. ‘பவர் எழுதிக் குடுத்தாச்சு’ என்று போனில் சொல்லுவார்கள். அற்றோணித் தத்துவப் பத்திரத்தில் எந்த அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் வாசித்திருக்கமாட்டார்கள். விற்க அதிகாரம் இருக்கும், நன்கொடையாக எழுத அதிகாரம் இராது.

விவாகரத்து? இருவரும் மனமொத்து வந்தாலும் அதுவே போதிய காரணமல்ல. பிறர்மனை உறவு, வன்மத்தோடு கைவிட்டுப் போதல், கல்யாண வேளையிலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை ஆகிய மூன்றில் ஒன்றை நிரூபிக்கவேண்டும். தீர்ப்பு வந்தபின்னும் அது முற்றாக்கப்பட மூன்று மாதம் செல்லும். தாபரிப்பும் வீட்டு வன்முறையும் நீதவான் நீதிமன்றத்துக்குரியவை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலில் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரையான கட்டளையும் பெறலாம். அடி வாங்குகிறவள் விவாகரத்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டத்தரணியிடம் போகும்போது விவாகப் பதிவுச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் மட்டுமல்ல, சீதன உறுதியையும் அதற்கு முந்திய உறுதிகளையும் கொண்டுபோங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே வருமானத்தை விசாரித்து, தகுதியிருந்தால் சட்டத்தரணி ஒருவரை ஒழுங்கு செய்து தருவார்கள்.